பரூக் சாமுவேல் புளூம்பெர்க்

பரூக் சாமுவேல் புளூம்பெர்க் (ஜூலை 28, 1925 – ஏப்ரல் 5, 2011) ஓர் அமெரிக்க மருத்துவ அறிவியலாளர் ஆவார். கல்லீரல் அழற்சி பி நோயின் வைரசை அடையாளம் காண வழிவகுத்தவர். அதற்கான தடுப்பூசியை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1976 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை கார்ல்டன் கைடுசெக்குடன் பகிர்ந்து கொண்டார். தமிழகத்தில் மஞ்சள் காமாலைக்கு வழங்கப்படும் கீழாநெல்லியை ஆராய்ந்த குழுவிலும் இவர் இருந்தார்.

இளமையும் கல்வியும்

நியூயார்க் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். முதலில் இயற்பியல் பயின்ற இவர், 1951 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1957 இல் ஆக்சுபோர்டில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

கண்டுபிடிப்பு

ஒரே நோய் மக்களை வெவ்வேறு விதமாகத் தாக்குவது ஏன் என அறிய, பல நாட்டு மக்களின் குருதியை ஒப்பிட்டு வந்தார். பலமுறை குருதி ஏற்றப்பட்ட ஒரு நோயாளியின் குருதிநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் குருதியிலிருந்த புரதத்துடன் வினைபுரிந்தது. ஆஸ்திரேலிய எதிர்ப்பொருளாக்கி எனப் பெயரிடப்பட்ட அப்புரதம் கல்லீரல் அழற்சியுடன் தொடர்புடையது என 1967 இல் தெரியவந்தது. அது வைரசின் மேலுறைப் புரதமாகும். இதனால் கொடையாளரின் குருதியைச் சோதித்த பின் ஏற்றும் முறை உருவானது. 1969 இல் இர்விங் மில்மனுடன் இணைந்து தடுப்பூசிக்கான வழிமுறையை வகுத்தார்.

நோயின் இயல்பு

இவ்வைரசு பெரும்பாலும் கல்லீரல் உயிரணுக்களை நேரடியாக அழிப்பதில்லை. வைரசு புகுந்த உயிரணுக்களை டி உயிரணுக்கள் எனும் வெள்ளையணுக்கள் தாக்குவதாலேயே அழற்சி தோன்றுகிறது. பெரியவர்களில் பெரும்பாலோரின் உடல் இவ்வாறு வைரசை வென்றுவிடும். பிறக்கும்போது தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு நோய் நாட்பட்டதாகிறது. அந்நிலையில் டி உயிரணுக்கள் ஆற்றல் குன்றுகின்றன. வைரசை ஒழிக்கவும் இயலாமல், தாக்குதலை நிறுத்தவும் இயலாமல் நீடிக்கும் இப்போராட்டத்தால் கல்லீரலில் தழும்புத் திசு பெருகுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் கல்லீரல் சுருக்கமோ புற்றுநோயோ ஏற்படலாம். அதுவரை நோயாளி எவ்வித அறிகுறியும் இன்றி இருக்கக்கூடும்.

கீழாநெல்லி ஆய்வு

மதுரை முதலான தமிழகச் சமவெளிகளில் வயல் வரப்புகளில் தானே வளரும் கீழாநெல்லி, சித்த மருத்துவத்தில் காமாலை மருந்தாகும். சென்னையில் எசு. பி. தியாகராசன் முதலியோருடன் புளூம்பெர்க் இணைந்து நடத்திய ஆய்வு 1988 இல் லான்செட் இதழில் வெளியானது. மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து வைரசின் மேலுறைப் புரதம் மறைந்தது. போலி மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. ஆயினும் பின்னர் தாய்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வுகள் இப்பயனை உறுதிப்படுத்தவில்லை.

கல்லீரல் அழற்சி ஏ வகையால் வரும் காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும். அப்பெருமை மூலிகையைச் சேர்கிறது. பி வகையிலோ, கண் மஞ்சள் நீங்கிய பின்னும் வைரசு தங்கியிருக்கலாம். குருதிச் சோதனையாலேயே அதனை அறிய இயலும்.

பிற்காலம்

1989 முதல் 1994 வரை ஆக்சுபோர்டு பேலியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். பின்னர் நாசாவின் வானுயிரியல் நிறுவனத்தின் இயக்குநரானார். 2011 இல் கலிபோர்னியாவில் காலமானார். அதே ஆண்டில் இந்தியா, இவரது ஆய்விலிருந்து பிறந்த தடுப்பூசியைக் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தியது. இவரது பிறந்த நாளான ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.