ஆட்சியின் இரகசியத்தை எதிர்த்த மதகுரு அன்டேர்ஸ் சிடேனியஸ்

தகவல் அறியும் உரிமை அண்மைக் காலத்தில் தோன்றியதொரு எண்ணம் என்றே பலரும் கருதுகின்றனர். இலங்கையில் அதற்கான சட்டம் 2016 ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது என்பதால் அவ்வாறு கருதுவதில் வியப்பில்லை. ஆனால், அரச ஆவணங்களையும் மக்கள் பிரதிநிதிகள் சபையின் நடவடிக்கைகளையும் அறியும் உரிமையை உலகில் முதன்முதலாகச் சட்டமாக்கிய நாடு சுவீடன் ஆகும். அது நிகழ்ந்தது 1766 இல், அதாவது எமது சட்டத்துக்குச் சரியாக 250 ஆண்டுகளுக்கு முன்னராகும். அச்சட்டத்துக்காக உழைத்தவர்களுள் முதன்மையானவர் அன்டேர்ஸ் சிடேனியஸ் என்ற கிராமத்து மதகுரு. அவரது வாழ்வை நாம் இங்கு நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

1729 பெப்ரவரி 26 ஆம் திகதி, அன்று சுவீடன் இராச்சியத்தின் ஒரு பகுதியாகவிருந்த பின்லாந்தின் சொட்காமோ என்ற இடத்தில் சிடேனியஸ் பிறந்தார். தந்தையும் ஒரு மதகுருவே. துர்கு, உப்சாலா பல்கலைக்கழகங்களில் பயின்ற அவர், 1753 இல் தமது 24 ஆவது வயதில் அலவெதெலி என்ற சிற்றூரின் தேவாலயத்தில் பணியேற்றார். பிரசங்கம் செய்வதோடு அவர் நின்றுவிடவில்லை. புதிய பயிர்ச்செய்கை முறைகளைப் பரீட்சித்துப் பார்த்தார். நோயாளருக்கு வைத்தியம் செய்தார். மக்கள் அஞ்சி ஒதுங்கிய காலத்தில் அம்மைப்பால் குத்தும் முறையைத் தம் ஊராருக்கு அறிமுகப்படுத்தினார்.

அவரை அரசியலுக்கு அழைத்து வந்தது அப்பகுதியின் தார் வாணிபமாகும். பைன் மரத்திலிருந்து எடுக்கப்படும் தார், மரக்கப்பல்களுக்கு இன்றியமையாதது. எனினும் பொத்னியா வளைகுடாக் கரையோர நகரங்கள் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கு நேரடியாகக் கப்பல் அனுப்பச் சட்டம் இடமளிக்கவில்லை. அவை தமது பொருள்களைப் பிரதானமாகத் தலைநகர் ஸ்டொக்ஹோம் ஊடாகவே விற்கவேண்டியிருந்தது. உழைப்பு ஓரிடத்திலும் இலாபம் வேறோரிடத்திலுமாக இருந்த இந்த அநீதியைப் போக்கவே 1765 இல் சிடேனியஸ் சுவீடனின் பாராளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டார். அத்தடை அவ்வாண்டிலேயே தளர்த்தப்பட்டது.

அன்றைய பாராளுமன்றம் பிரபுக்கள், மதகுருமார், நகரத்தார், விவசாயிகள் என்ற நான்கு சபைகளைக் கொண்டது. மன்னரின் அதிகாரம் ஒடுங்கி, பாராளுமன்றமே நாட்டை ஆண்ட காலம் அது. ஆயினும் வெளிவிவகாரம், நிதி போன்ற முக்கிய அலுவல்கள் இரகசியக் குழுவொன்றினாலேயே தீர்மானிக்கப்பட்டன. விவசாயிகளின் பிரதிநிதிகளுக்கு அக்குழுவில் வழமையாக இடமிருக்கவில்லை. வரி செலுத்துவோர் அப்பணம் எவ்வாறு செலவாகிறதென அறியமுடியாதிருந்தனர். நூல்கள் அச்சேறுவதற்குத் தணிக்கை அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவில் சுதந்திரம் பற்றி பேத்தர் ஃபோர்ஸ்கோல் என்ற இளம் அறிஞர் 1759 இல் வெளியிட்ட சிறு நூல் பறிமுதல் செய்யப்பட்டிருந்தது.

மதகுருமார் சபையில் அமர்ந்த சிடேனியஸ், அச்சுச் சுதந்திரத்தை ஆராய்ந்த குழுவில் அயராது உழைத்தார். உண்மை எதுவென்று தணிக்கை அதிகாரி தீர்மானிப்பதைவிட, எழுத்துகள் ஒன்றோடொன்று மோதி மக்கள் முன்னிலையில் தீர்வதே நன்று என்பது அவரது நிலைப்பாடு. அறியாத மக்களைக் கொண்ட நாடு நல்ல சட்டங்களை ஆக்கிக்கொள்ள இயலாது என அவர் நம்பினார்.

அவரது நம்பிக்கைக்கு அந்தச் சபையே சோதனை வைத்தது. அளவுக்கு மீறி வெளியிடப்பட்ட நாணயத்தாள்களின் மதிப்பைப் படிப்படியாகப் பழைய நிலைக்கு உயர்த்த, அவர் சார்ந்த தொப்பிகள் கட்சி தீர்மானித்தது. அது நாட்டை நெருக்கடியில் தள்ளும் எனக் கண்ட சிடேனியஸ், கட்சியென்றும் பாராமல் அத்தீர்மானத்தை விமர்சித்து நூலொன்றை அச்சிட்டார். சபையின் முடிவைப் பகிரங்கமாகக் கேள்விக்குட்படுத்திய குற்றத்துக்காக, 1766 இல் அவர் சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார்.

அவர் வெளியேற்றப்பட்ட பின்னர், அதே ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி, அவர் பாடுபட்ட சட்டம் பிறந்தது. சமய நூல்கள் தவிர்ந்த ஏனையவற்றுக்கு முன்தணிக்கை நீங்கியது. நீதிமன்றங்கள், அரச அலுவலகங்கள் ஆகியவற்றின் ஆவணங்களைப் பெற்று அச்சிடவும், பாராளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடவும் பொதுமக்களுக்கு உரிமை கிடைத்தது. இதே காலத்தில் இலண்டனில் பாராளுமன்ற விவாதங்களை அச்சிடுவது சபையின் சிறப்புரிமையை மீறும் செயலாகவே கொள்ளப்பட்டது என்பதையும், 1771 இல்கூட அச்சகத்தார் அதற்காகச் சபைக்கு அழைக்கப்பட்டனர் என்பதையும் நோக்கினால், சுவீடனின் சாதனை எத்துணை பெரிதென்பது புலனாகும்.

நாணயத்தாள் பற்றிய அவரது எச்சரிக்கையும் பொய்க்கவில்லை. பொருளாதாரம் முடங்கி, 1769 இல் தொப்பிகள் கட்சி அதிகாரத்தை இழந்தது. விமர்சகரைத் துரத்தியதால் பிழை திருந்தவில்லை. அப்பிழைக்கு நாடே விலை கொடுத்தது.

அவர் பெற்றுத்தந்த உரிமையும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1772 இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் அதிகாரத்தைக் கைப்பற்றினார். 1774 இல் அச்சுச் சுதந்திரம் பெரிதும் சுருக்கப்பட்டது. சிடேனியஸோ 1770 முதல் கொக்கோலாவில் தலைமை மதகுருவாகப் பணியாற்றினார். மீண்டும் பாராளுமன்றம் சென்று பிறசமயத்தவரின் வழிபாட்டுரிமைக்காகவும் வேலையாட்களின் உரிமைக்காகவும் குரலெழுப்பினார். 1803 பெப்ரவரி 1 ஆம் திகதி அவர் காலமானபோது அச்சட்டம் மீண்டும் உயிர்பெறவில்லை. 1809 ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் 1810 இன் சட்டமுமே சுவீடனுக்கு அவ்வுரிமையை மீட்டளித்தன. அதற்குள் அவரது தாயகமான பின்லாந்து ரஷ்யாவின் ஆட்சிக்குட்பட்டுவிட்டது. பிற்காலத்தில் சுதந்திர பின்லாந்து தனது 1000 மார்க்கா நாணயத்தாளில் அவரது உருவத்தைப் பொறித்துக் கௌரவித்தது. நாணயத்தாள் பற்றி எழுதியதற்காகச் சபையிலிருந்து துரத்தப்பட்டவருக்கு வரலாறு அளித்த பதில் அது.

சிடேனியஸின் வாழ்வு எமக்கு உணர்த்துவது யாது? ஆவணங்களை வெளியிடுவதற்குச் சட்டம் இயற்றுவது ஒரு பாராளுமன்றத்துக்கு அத்துணை கடினமானதன்று. தன் முடிவைக் குறைகூறும் உறுப்பினரைப் பொறுத்துக்கொள்வதே கடினமானது. அப்பொறுமை இல்லாதவிடத்துத் தகவல் உரிமை ஏட்டளவிலேயே எஞ்சும். சட்டத்தை ஆக்கிவிட்டோம் என மக்கள் ஓய்ந்திருந்தால், ஆறே ஆண்டுகளில் அதன் காவலரணே சரிந்துவிடக்கூடும் என்பதற்கு சுவீடனின் வரலாறு சான்றாகும். கேட்டுப் பெறுவோர் இருக்கும்வரையிலேயே அந்த உரிமை உயிரோடிருக்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது.