பேற்று மருத்துவத்துக்குத் தமிழ் தந்த பெரியார்

மலையகத் தோட்டங்களில் லயக் காம்பராக்களே நெடுங்காலம் பிள்ளைப்பேற்று மனைகளாக இருந்தன. அட்டனிலோ நுவரெலியாவிலோ பனி இறங்கும் இரவில் ஒரு பெண்ணுக்கு நோவு கண்டால், அயற் காம்பராவிலிருந்து ஒரு முதியவள் வருவாள். அடுப்பில் வெந்நீர் ஏறும். ஆண்கள் வாசலுக்கு வெளியே நிற்பர். மருத்துவச்சி என்று தோட்டம் அழைத்த அம்முதியவளின் அறிவு, தாய் மகளுக்கும் மாமி மருமகளுக்கும் வாய்மொழியாகக் கொடுத்த அறிவாகும். பேறு நேரானதாயின் அது போதியதாயிருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தாலும், நஞ்சுக்கொடி விழாது நின்றாலும், உதிரம் அடங்காது பெருகினாலும் அவ்வறிவு திகைத்து நின்றது.

அத்தகைய வேளைக்குரிய மேனாட்டு நூலறிவு தமிழிலே இருந்ததா என்று கேட்டால், இருந்தது என்பதே விடை. 1857ஆம் ஆண்டிலேயே அது தமிழில் அச்சேறிவிட்டது. அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் வாழ்ந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இருந்தும் அவ்வறிவு லயத்து மருத்துவச்சியின் கையை எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்பதை அறிய, அப்பெரியாரின் வாழ்வை நோக்குதல் வேண்டும்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரிற் பிறந்தார். யாழ்ப்பாணத்து நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்ததும் அதே ஆண்டிலேதான். சமயத்தால் எதிரெதிர் முகாம்களில் நின்ற அவ்விருவரும் தமிழ் உரைநடைக்கு உழைத்ததில் ஒரே தலைமுறையினர் ஆயினர். கிறீனின் தமையனார் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயோர்க் மாநகரை உருவாக்கியவர்களுள் ஒருவர் எனப் பெயர் பெற்றவர். தம்பியாரோ வேறு திசையை நாடினார். 1845இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகளின் பின் அமெரிக்க மிஷனின் வைத்தியராக இலங்கைக்குக் கப்பலேறினார்.

அவர் வந்து சேர்ந்த 1847ஆம் ஆண்டு, பேற்று மருத்துவத்தின் வரலாற்றிலே ஒரு பெரிய ஆண்டாகும். அவ்வாண்டிலேயே வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்னும் வைத்தியர், பேறு பார்க்கும் கைகளைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கழுவுமாறு பணித்து, பிரசவக் காய்ச்சலால் மாண்ட தாய்மாரின் தொகையை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். அவ்வாண்டிலேயே எடின்பரோவில் சிம்சன் என்பார் பேற்று நோவைத் தணிக்கக் குளோரபோமைப் பயன்படுத்தினார். செம்மல்வைசின் உண்மையை அவர் காலத்து மருத்துவ உலகம் ஏற்க மறுத்தது. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது நிலைபெற மேலும் பல ஆண்டுகள் சென்றன. மேனாட்டு மருத்துவமே இவ்வாறு தட்டுத் தடுமாறி நடந்த காலத்திலேதான் கிறீன் தமிழ் மண்ணில் அடி வைத்தார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வட்டுக்கோட்டையிற் சில காலம் தங்கியபின், 1848இல் அவர் மானிப்பாய்க்கு வந்தார். அங்கே மருந்துச்சாலையை நடத்தியதோடு, இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் அவ்வாண்டே. கொழும்பில் அரசாங்க மருத்துவக் கல்லூரி தோன்ற இன்னும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தன. 1850இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் முயற்சியால் யாழ்ப்பாணப் பட்டினத்தில் எழுந்த மருத்துவமனையிலும் கிறீனின் மாணவர்கள் பணிபுரிந்தனர்.

முதலிற் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. ஆனால் மருத்துவர் வேண்டியிருந்த மக்கள் தமிழ் மக்கள். வைத்தியன் நூலில் ஒரு மொழியைக் கற்று, நோயாளியின் வீட்டிலே வேறு மொழியிற் பேச வேண்டிய நிலை கிறீனுக்கு உவப்பாக இல்லை. தாமே தமிழ் கற்றார். பெரிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டார். அப்பணியின் தொடக்கத்திலேயே பேற்று மருத்துவம் இடம் பெற்றது. டப்ளின் நகரத்து வைத்தியர் மௌன்செல் எழுதிய நூலைத் தழுவிப் பிரசவ வைத்தியம் 1857இல் வெளிவந்தது. இரண வைத்தியம் 1867இலும், கிறேயின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம் 1872இலும் வந்தன. தமிழர் அறிவைத்தேடிய வரிசையில், அறுவைக்கும் முன்னதாகப் பிறப்பு வந்து நின்றது.

அவ்வரிசை தற்செயலாகவே அமைந்ததாயினும் அது பொருத்தமானதே. மற்ற நோயாளிகள் வைத்தியனை நாடி மருந்துச்சாலைக்கு வருவர், மாட்டுவண்டியிலாவது கொண்டுவரப்படுவர். பேறு அவ்வாறன்று. அது வீட்டின் உள்ளறையில் நிகழ்வது. அந்நிய ஆடவனுக்கு அவ்வறையின் கதவு திறவாது. திறந்தாலும், மருத்துவிச்சி கைவிட்டபின், இரண்டு நாள் நோவில் தாய் களைத்துக் கிடக்கும் வேளையிலேதான் திறக்கும். அந்த வேளையில் எந்தக் கல்வியும் பெரும் பயன் தருவதில்லை. கருவுற்ற மாதங்களிற் கால் வீங்குதலையும் தலைநோவையும் கண்டு வரவிருக்கும் வலிப்பை உணர்தல், பிள்ளையின் கிடையை முன்னரே அறிதல், கொடியைத் தூய கருவியால் அறுத்தல், பெற்றபின் வரும் காய்ச்சலையும் உதிரப்போக்கையும் காலத்தோடு கவனித்தல் ஆகிய யாவும், வீட்டுக்குள் இருப்போர் அறிந்திருந்தால் மட்டுமே உயிரைக் காக்கும்.

1857இல் கிறீன் ஓய்வுக்காகத் தாயகம் சென்றார். 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் மாதரை மணந்து, அவருடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். இரண்டாம் முறை வந்த கிறீன், துணிவான ஒரு முடிவுக்கு வந்தார். 1864 முதல் மருத்துவக் கல்வியை முற்றிலும் தமிழிலேயே நடத்தலானார். ஆங்கிலத்திற் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி வேற்றூர்களுக்குப் போயினர். தமிழிற் கற்றவரோ தம் ஊரிலேயே தங்கித் தம் மக்களுக்கு வைத்தியம் செய்வர் என்பது அவர் கருத்து. தம் மாணவர் மேனாட்டு உடையையும் பழக்கத்தையும் மேற்கொள்வதையும் அவர் விரும்பவில்லை. மொத்தத்தில் அவரிடம் பயின்று வெளியேறிய வைத்தியர் 60 பேருக்கு மேற்பட்டவர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்.

கலைச்சொல்லாக்கத்திலும் அவர் முறையோடு நடந்தார். தமிழில் உள்ள சொல்லை முதலில் நாடுவார். அது கிட்டாதபோது வடசொல்லை எடுப்பார். அதுவும் அமையாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதுவார். சொற்றொகுதிகளையும் வெளியிட்டார். உடல்நலங் குன்றியமையால் 1873இல் ஊஸ்டர் நகருக்குத் திரும்பியபின்னும், அங்கிருந்தபடியே தமிழ் நூல்களைத் திருத்தி வந்தார். 1875இல் வந்த கெமிஸ்தம் அவ்வாறு நிறைவுற்றதே. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் அவர் காலமானார். தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்தவர் என்ற குறிப்பையே தம் கல்லறையிற் பொறிக்குமாறு அவர் வேண்டியிருந்தார்.

இத்துணை உழைப்பும் எங்கே நின்றது என்பதைக் கூறாவிடின் வரலாறு முழுமை பெறாது. கிறீனின் மாணவர் அனைவரும் ஆடவர். பேற்றுப் பாயின் அருகே இருந்தவளோ பெண், பெரும்பாலும் எழுத்தறியாதவள். நூல் தமிழில் வந்தும் அவள் கைக்கு வரவில்லை. மொழி என்னும் ஆற்றைக் கடந்த அறிவு, வீட்டு வாயிற்படியில் நின்றுவிட்டது. அவர் சென்ற சில ஆண்டுகளிலேயே தமிழ்வழி மருத்துவக் கல்வியும் மறைந்தது. 1870இல் தோன்றிய கொழும்பு மருத்துவக் கல்லூரியின் ஆங்கிலக் கல்வியே நாட்டின் வழியாயிற்று.

மலையகத்துக்கு அந்த நூல் ஏறாமைக்கும் காரணம் இதுவே. கிறீன் மானிப்பாயில் வாழ்ந்த ஆண்டுகளிலேதான், தமிழகத்துத் தொழிலாளர் மன்னார்க் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து, கோப்பித் தோட்டங்களுக்குப் போயினர். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அவர்கள் பேசியதும் தமிழே. எனினும் மானிப்பாயின் தமிழ் மருத்துவம் அந்த மலைகளில் வேரூன்றவில்லை. தோட்டத்து வைத்தியம் துரைமாரின் பொறுப்பாகவும் சட்டத்தின் ஏடுகளாகவும் இருந்தது. 1912இல் மருத்துவத் தேவைகள் பற்றிய சட்டமும், 1939இல் மகப்பேற்று உதவிச் சட்டமும் வந்தன. தாய்மாரின் மொழியில் தாய்மாருக்கே கற்பிக்கும் பணி, சட்டங்களைவிட மெதுவாகவே நடந்தது.

கிறீன் விட்ட இடத்திலிருந்து மற்றையோர் தொடர்ந்தனர். 1879இல் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சாவின் கொடையாற் கொழும்பிற் பேற்று மருத்துவமனை திறக்கப்பட்டது. 1898இல் இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. அங்கே இசபெல்லா கர் என்னும் பெண் வைத்தியர் தலைமை தாங்கினார். அதன்பின் பெண்ணுக்குப் பெண்ணே வைத்தியம் பார்க்கும் காலம் யாழ்ப்பாணத்தில் வந்தது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு வீடாகச் சென்று கருவுற்றவளையும் பிள்ளை பெற்றவளையும் பார்க்கும் முறை அங்கிருந்து நாடெங்கும் பரவியது. 1930களில் இலங்கையில் 100,000 பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 50க்கும் கீழே இறங்கியுள்ளது. மருத்துவமனைகளும் மருந்துகளும் இவ்வெற்றியில் பெரும் பங்கு கொண்டன. வீட்டு வாயிலைக் கடந்து உள்ளே சென்ற அந்த மருத்துவமாதின் பங்கும் சிறிதன்று.

இன்று மலையகத்திலும் பிள்ளைகள் பெரும்பாலும் மருத்துவமனைகளிலேயே பிறக்கின்றன. ஆயினும் கருவுற்ற மாதங்களும், பெற்றபின் வரும் நாட்களும் லயத்திலேயே கழிகின்றன. அங்கே வரும் மருத்துவமாது தமிழில் பேசக் கூடியவராக இருத்தல் வேண்டும் என்பது தோட்ட மக்களின் நெடுநாளைய கோரிக்கை. தமிழ் அறிந்தோர் போதவில்லை என்ற குறை இன்னும் கேட்கிறது. எந்த நாள் கொழுந்து பறிப்பதை நிறுத்த வேண்டும், எந்த நோவு இயல்பானது, எந்த உதிரம் ஆபத்தானது என்பனவற்றைச் சைகையாற் சொல்லிவிட முடியாது.

மானிப்பாயில் கிறீனின் பெயரால் மருத்துவமனை நிற்கிறது. 1967இல் கவிஞர் அம்பி அவரைப்பற்றிக் கிறீனின் அடிச்சுவடு என்னும் நூலை எழுதித் தமிழுலகுக்கு நினைவூட்டினார். கலைச்சொற்களைத் தேடுவோர் இன்றும் அவர் பெயரை எடுக்கின்றனர். அவர் நமக்கு விட்டுச்சென்ற கடன் சொற்களோடு முடிவதன்று. தமிழில் எழுதப்பட்ட மருத்துவம், அதை நாடி நிற்கும் தாயின் காதுக்கு எட்டும்வரை அப்பணி பாதியே ஆகும். மற்றப் பாதியைச் செய்யவேண்டியவர் நாம்.