தமிழில் மருத்துவம் தந்த கிறீன் வைத்தியர்

விஞ்ஞானம் பயிலும் மாணாக்கர் பலர் கலைச்சொற்களைப் பொருளுணராது நெட்டுருப்பண்ணி ஒப்புவித்தலை, மாத்தளையிலே தமிழ் கற்பித்துவரும் நாம் நாளும் காண்கின்றோம். அச்சொற்களுட் பல பண்டைக் கிரேக்கத்திற் பிறந்தவை. அவை குறிக்கும் பொருளைத் தமிழருக்கு விளங்கவைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட பெரியார் ஒருவரை இவ்விழா மலரிலே நினைவுகூர்தல் தகும்.

அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார். 1822 ஆம் ஆண்டு அமெரிக்காவில், மசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிலே பிறந்தார். மருத்துவங் கற்றுத் தேறி, 1847 இல் அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் நிலைபெற்றார். நோயாளருக்கு மருந்து கொடுத்தலோடு அமையாது, இளைஞருக்கு மருத்துவமும் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலங் கற்றோர் உத்தியோகம் நாடி ஊரைவிட்டு அகல்வதைக் கண்டு, 1864 இல் தமிழ் வகுப்பைத் தொடங்கினார்.

கற்பித்தற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். தமிழிற் சொல் உளதேல் அதனையும், இன்றேல் வடசொல்லையும், அதுவும் இன்றேல் பிறமொழிச் சொல்லைத் தமிழுருவாக்கியும் ஆண்டார். அனற்றமி என்பதன் கிரேக்க மூலம் அறுத்துப் பிரித்தலைக் குறிக்கும். கிறீன் அச்செயலை விடுத்து, அறியப்படும் உடலை நோக்கி அங்காதிபாதம் என்றார். சேர்ஜரி என்பதன் மூலம் கையாற் செய்யுந் தொழில் எனப் பொருள்படும். அவரோ ஆற்றவேண்டிய புண்ணை நோக்கி இரணவைத்தியம் என்றார். கெமிஸ்திரியைக் கெமிஸ்தம் என அமைத்துக்கொண்டார். மூலச்சொல்லின் நிழலைப் பின்பற்றாது, கற்போன் கண்முன் நிற்கும் பொருளை அவர் நாடினமை இவற்றாற் புலனாகும்.

தம் மாணாக்கர் துணையோடு அவர் ஆக்கிய நூல்கள் பல. இரணவைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதம் 1872 இலும் வெளிவந்தன. 1873 இல் தாயகம் மீண்ட பின்னும் பணி ஓயவில்லை. கெமிஸ்தம் 1875 இலும், மனுஷ சுகரணம் 1883 இலும் வெளிவந்தன. அடுத்த ஆண்டே, 1884 இல், வூஸ்டரிற் காலமானார். தாம் தமிழருக்கு வைத்தியராயிருந்தமை தம் கல்லறையிற் பொறிக்கப்படவேண்டும் என்பதே அவர் விருப்பம். அவரிடம் மருத்துவம் பயின்றோர் 60 பேருக்கு மேற்பட்டோர்.

அவர்க்குப்பின் அவ்வழி தொடரவில்லை. 1870 இற் கொழும்பிலே தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. இன்றும் நம் நாட்டில் மருத்துவம் ஆங்கிலத்திலேயே பயிலப்படுகின்றது. அங்காதிபாதம் உடற்கூற்றியலாயிற்று; கெமிஸ்தம் இரசாயனவியலாயிற்று. சொற்கள் மாறுதல் இயல்பே. பொருளறியாது சொல்லை மட்டுஞ் சுமத்தலே குறை.

கிறீன் சமயத்தாலும் நாட்டாலும் நமக்கு வேறானவர். ஆயினும், நம் மொழியால் எவ்வறிவையும் உரைக்க இயலும் என நம்மவர் பலரினும் உறுதியாக நம்பினார். மாணாக்கரே! புதுச்சொல் ஒன்றைக் கேட்டபோதெல்லாம் அதன் பொருள் யாதென வினவுங்கள். அவருக்கு நாம் செலுத்தும் கைம்மாறு அதுவேயாகும்.