அன்னமும் இன்சொல்லும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் அருமை மைந்தராக 1823-ஆம் ஆண்டில் அவதரித்தருளினார் இராமலிங்க வள்ளலார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையாரை இழந்தார். சென்னையில் தமையனார் ஆதரவில் வளர்ந்து, கந்தகோட்டத்து முருகப் பெருமானை இளமையிலேயே பாடிப் பரவினார். இறைவனைப் பாடும் நாவினால் எவ்வுயிரையும் நோகச் சொல்லலாகாது என்பதே அவர்தம் வாழ்வு புகட்டும் பாடமாகும்.

1854-இல் வெளிவந்த மனுமுறை கண்ட வாசகத்தில், தேர்க்காலில் கன்று மடிந்த செய்தி கேட்ட மனுச்சோழன், தான் முன்செய்த பாவம் யாதோ என்று புலம்புகின்றான். அப்புலம்பலில் கோள் மூட்டுதல், அடியார்களைச் சினந்து ஏசுதல், சான்றோர் பாடலிற் குற்றங் கூறுதல் ஆகிய நாவின் பிழைகள், கொலைக்கும் களவுக்கும் துணைபோதலாகிய கொடுமைகளோடு ஒருங்கே எண்ணப்படுகின்றன.

அடிகளார் வகுத்த நால்வகை ஒழுக்கங்களில் முதலாவது இந்திரிய ஒழுக்கம். அதனுள் இனிமையாகப் பேசுதலை நாவுக்கு விதித்ததோடு, கொடுஞ்சொல் புகாதவாறு செவியைக் காத்தலையும் விதித்தார். வசைமொழியை விரும்பிக் கேட்பாரும் அதனை வளர்ப்பாரே அன்றோ!

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பார்வதிபுரத்தார் மனமுவந்து நிலம் ஈந்தனர். நாடு, சமயம், சாதி என்னும் வேற்றுமை பாராது, பசித்தவர் யாவராயினும் அமுதூட்டுக என்றார். பசியால் வாடியும், மானத்தால் வாய்திறந்து கேட்கக் கூசுவோரை எண்ணி அவர் உள்ளம் பெரிதும் உருகிற்று. அத்தகையோர்க்குக் கடுமுகத்தோடு இடும் சோறு வயிற்றை நிரப்பினும் நெஞ்சைப் புண்படுத்தும். வருக என்னும் ஒரு சொல்லோ, இலையிடுமுன்னரே அவர்தம் துயரிற் பாதியைத் தீர்க்கும்.

அவர்தம் பாடல்கள் திருவருட்பா என வெளிவந்ததும் அதே 1867-இல்தான். பின்னர் அதனைக் குறித்து எழுந்த வாதத்தில் இருசாராரிடையேயும் கடுஞ்சொற்கள் மிகுந்தன. அவ்வாதம் ஓய்ந்தது; தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்போ இன்றும் அணையாது எரிகின்றது.

1874-ஆம் ஆண்டு தைத் திங்களில் மேட்டுக்குப்பத்தில் அடிகளார் அருட்பெருஞ்சோதியிற் கலந்தருளினார் என்பது அன்பர்தம் நம்பிக்கை. திருப்பணிக்குப் பொருள் ஈவோரும், அன்னதானப் பந்தியில் அன்னம் படைப்போரும் இன்சொல்லையும் உடன் வழங்குவாராயின், அவ்வறம் முழுமை பெறும். இறைவன் திருவுள்ளமும் மகிழும்.