நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள்

தமிழ் நாடக உலகம் தன் தலைமையாசிரியரெனப் போற்றும் சங்கரதாஸ் சுவாமிகளின் புகழ், அவர் யாத்த நாடகங்களாலேயே இன்று நிலவுகின்றது. அவர் முதலில் அரிதாரம் பூசி ஆடிய நடிகர் என்பதையும், அவ்வேடத்தை ஏன் களைந்தார் என்பதையும் நம் கல்லூரி நண்பருட் பலர் அறியார். அதனையே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தாமோதரனாருக்கும் பேச்சியம்மாளுக்கும் மகனாய்த் தோன்றினார். தந்தையார் இராமாயணப் புலமையாற் பெயர் பெற்றவர். அவரிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி, பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் முதிர்ந்தது. சிலகாலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கெழுதினார். அத்தொழில் அவரைப் பிணிக்கவில்லை. தம் 24ஆம் அகவையில், 1891ஆம் ஆண்டில், நாடகத்துறை புகுந்தார்.

அவருக்கு வாய்த்தவை இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்னும் கொடிய வேடங்களே. மின்னொளிக்குப் பழகிய நமக்கு அந்நாளைய ஒப்பனை மிகையெனத் தோன்றலாம். எண்ணெய் விளக்கும் தீவட்டியுமே ஒளி தந்த இடத்தில், கடைசி வரிசையில் இருப்பவனும் நடிகனுடைய கண்ணைக் காணவேண்டும். கண் தெரியாவிடிற் சினம் தெரியாது. ஆகவே இமைகளைச் சூழ மையைத் தடிப்பாய்த் தீட்டுவர். புருவத்தை நெற்றிமேல் வளைத்தேற்றுவர். கன்னத்திற் செம்மை அப்புவர். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகைப் பக்கத்திற் பிறந்த எமக்கு இது புதிதன்று. வேனிற்காலத்துத் திரௌபதையம்மன் திருவிழாவிலே, கூத்துத் திரையை விலக்கித் துரியோதனன் விழியை உருட்டுங்கால், அவன் நேற்று நம்மூர்க் கடையில் வெற்றிலை வாங்கியவன் என்பது எவர்க்கும் நினைவிராது.

நளதமயந்தி நாடகத்தில் ஓரிரவு சுவாமிகள் சனீசுவரனாய் ஆடினார். உடல் முழுதும் கருமை. முகத்தில் அச்சந்தரும் கோலம். ஆட்டம் முடியும்போது வைகறையாயிற்று. வேடத்தைக் கழுவ நீர்த்துறையை நாடிச் சென்றார். ஆங்கு அவரை எதிர்ப்பட்ட மாதொருத்தி, சனீசுவரனே வந்தனன் என நடுங்கி வீழ்ந்து உயிர்நீத்தாள் என நாடக உலகத்தார் கூறுவர். மற்றோரிரவு சாவித்திரி நாடகத்தில் எமனாய்ப் பாய்ந்து வந்தவரைக் கண்டு, அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்தியின் கரு சிதைந்ததென்றும் உரைப்பர்.

வேறொரு நடிகராயின் இவற்றைத் தம் திறத்திற்குச் சான்றாகக் காட்டித் திரிந்திருக்கவும் கூடும். எம் மனத்தில் நிற்பது அந்த நீர்த்துறையே. அவையில் இருப்போர் அஞ்சுதற்கென்றே வந்தோர். திரையும் விளக்கும் மத்தளமும் அவர்க்கு இது கூத்தென்று சொல்லிக்கொண்டே இருக்கும். தனிவழியிற் சென்ற அப்பெண்ணுக்கு அவற்றுள் ஒன்றுமில்லை. முகம் மட்டுமே இருந்தது. குற்றம் சுவாமிகளுடையதென எவரும் சொல்லார். ஆயினும் அவர் அதனைத் தம்மேல் ஏற்று, வேடம் புனைதலை விட்டார்.

அதன்பின் எழுதுகோலும் பயிற்றுதலுமே அவர் தொழிலாயின. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், நல்லதங்காள் எனப் பல நாடகங்கள் பிறந்தன. அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பர். இடையே துறவு பூண்டு தலயாத்திரை சென்றதும், புதுக்கோட்டைக் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகன்போற் பேணியதும் விரிக்கிற் பெருகும். 1918ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவினார். டி.கே.எஸ். சகோதரர் சிறுவராய் அவரிடம் நாடகம் பயின்றது அச்சபையிலேதான்.

1921ஆம் ஆண்டு வாதநோய் அவரைத் தாக்கிற்று. ஆயிரக்கணக்கான பாடல்களைப் பிறர்க்கு ஈந்த நா பேச்சிழந்தது. 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13ஆம் நாள் புதுச்சேரியில் உயிர்துறந்தார். அவருடைய சாவித்திரி நாடகம் அதன்பின்னும் பல்லாண்டு ஊரூராய் ஆடப்பட்டது. எமனுக்கு மை தீட்டிக்கொண்டோர் வேறு நடிகர்.