கப்பல் ஏறினார், கரை சேரவில்லை!
டீசல் எந்திரத்தைக் கண்டுபிடித்த மேதையின் கதை

தேனி மாவட்டத்தில், மேகமலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஓடைப்பட்டி. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் போன ஊர். பந்தலில் பழுத்த குலைகளை வெட்டி, பெட்டிகளில் அடுக்கி, லாரியில் ஏற்றுகிறார்கள். லாரி கம்பத்தைத் தாண்டி, குமுளி மலைப் பாதையில் முக்கி முனகி ஏறி, கேரளத்துக்குப் போகிறது.

அந்த லாரியை மலைமேல் இழுப்பது எது? டீசல்!

டீசல் என்றால் ஓர் எண்ணெயின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ப் டீசல் என்பது முழுப் பெயர். அவர் செய்த எந்திரத்துக்கு அவர் பெயர் வந்தது. அந்த எந்திரம் குடிக்கும் எண்ணெய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

உலகத்தின் பெரிய நகரங்கள் பல, பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. டீசல் பிறந்த ஊரும், படித்த ஊரும், தஞ்சம் புகுந்த ஊரும் அவற்றில் அடக்கம்! இது எப்படி நேர்ந்தது?

தள்ளுவண்டிச் சிறுவன்

1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரிஸ் நகரில் ருடால்ப் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தகப்பனார் தோல் சாமான்கள் செய்து விற்பவர். வருமானம் கைக்கும் வாய்க்குமாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் சிறுவன் ருடால்ப் அந்தச் சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுப்பான். ஆனாலும் படிப்பில் முதல்வன். பரிசாகப் பதக்கமும் வாங்கினான்.

1870-ம் ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. டீசல் குடும்பம் மூட்டை முடிச்சுகளுடன் லண்டனுக்கு ஓடியது. அங்கே பிழைப்பு இல்லை. 12 வயதுப் பையனைத் தாயும் தந்தையும் தனியாக ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். ஆக்ஸ்பர்க் என்ற ஊரில் இருந்த உறவினர் ஒருவர் அவனை வளர்த்தார். அவர் கணக்கு ஆசிரியர்.

14 வயதிலேயே பையன் முடிவு செய்துவிட்டான், எஞ்சினீயர் ஆவது என்று. உதவிப் பணம் பெற்று, மியூனிக் நகரத் தொழில் கல்லூரியில் சேர்ந்தான். பரீட்சை நேரத்தில் விஷக் காய்ச்சல் வந்து படுக்கையில் விழுந்தான். எழுந்து வந்து, 1880-ம் ஆண்டு மிக உயர்ந்த மார்க்குடன் தேறினான்.

வகுப்பறையில் விழுந்த பொறி

மியூனிக்கில் அவருக்குப் பாடம் சொன்னவர் லிண்டே என்ற பேராசிரியர். ஐஸ் தயாரிக்கும் எந்திரங்களில் பேர் பெற்றவர். நீராவி எந்திரத்தைப் பற்றி ஒருநாள் அவர் பாடம் நடத்தினார். எரிக்கும் நிலக்கரியின் சூட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு கூட வேலைக்குப் பயன்படுவதில்லை, மீதி எல்லாம் வீணாகப் போகிறது என்று விளக்கினார்.

மாணவர் டீசலின் மனத்தில் அது ஆணி அடித்தாற்போல் பதிந்தது. வீணாகும் சூட்டை எப்படி மிச்சப்படுத்துவது? அன்று பிறந்த கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை.

படிப்பு முடிந்ததும் லிண்டேயின் கம்பெனியிலேயே வேலை பார்த்தார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். குழந்தைகள் மூன்று பிறந்தன. பகலில் ஐஸ் எந்திரம், இரவில் சொந்த ஆராய்ச்சி என்று ஆண்டுகள் ஓடின.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம். பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தால் சுடுகிறது அல்லவா? காற்றை அழுத்தினால் அது சூடாகும். டீசல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். காற்றை மிக மிகப் பலமாக அழுத்தவேண்டும். அது நெருப்பாய்க் கொதிக்கும்போது எண்ணெயை உள்ளே செலுத்தவேண்டும். எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எந்திரத்துக்கு வேண்டிய மின்சாரப் பொறி இதற்கு வேண்டாம்!

வெடித்துச் சிதறியது!

1892-ல் இந்தத் திட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார். அடுத்த ஆண்டு கிடைத்தது. ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலை அவருக்கு இடம் கொடுத்தது. பெரும் புள்ளியான குரூப் கம்பெனி பண உதவி செய்தது.

1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி முதல் எந்திரத்தைச் சோதித்தார்கள். எண்ணெய் உள்ளே போனது. படார் என்று வெடி! எந்திரத்தின் மேல் வைத்திருந்த அழுத்தமானி துண்டு துண்டாகப் பறந்தது. பக்கத்தில் நின்றவர்கள் தப்பியது தம்பிரான் புண்ணியம். வேறு ஒருவராக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். டீசலோ மகிழ்ந்தார். மின்பொறி இல்லாமலே எண்ணெய் பற்றும் என்பது உறுதியாகிவிட்டதே!

1894 பிப்ரவரி 17-ந் தேதி எந்திரம் முதல் முறையாகத் தானாக ஓடியது. எவ்வளவு நேரம்? சுமார் ஒரு நிமிடம்தான்! அந்த ஒரு நிமிடத்தை நாள் முழுவதும் ஓடும் எந்திரமாக மாற்ற மூன்று ஆண்டுகள் பிடித்தன.

1897 பிப்ரவரி 17-ந் தேதி பேராசிரியர் ஷ்ரோட்டர் என்பவர் எந்திரத்தை முறைப்படி சோதித்தார். எண்ணெயின் சூட்டில் 100-க்கு 26 பங்குக்கு மேல் வேலையாக மாறியது! உலகம் மூக்கின் மேல் விரல் வைத்தது. அந்த எந்திரம் இன்றும் மியூனிக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பணம் கொட்டியது. அமெரிக்காவில் தயாரிக்கும் உரிமைக்கு மட்டும் 10 லட்சம் மார்க் கிடைத்தது. 1900-ம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டீசல் எந்திரம் பெரும் பரிசைத் தட்டிச் சென்றது. அந்தக் கண்காட்சியில் ஒரு டீசல் எந்திரம் கடலை எண்ணெயில் ஓடியது என்பது பலருக்குத் தெரியாது!

மாளிகையும் கடனும்

தள்ளுவண்டி தள்ளிய சிறுவன் மியூனிக்கில் மாளிகை கட்டினார். ஆனால் நிம்மதி இல்லை. உரிமை பற்றி வழக்குகள் வந்தன. அவசரமாகச் செய்து விற்கப்பட்ட எந்திரங்கள் பல பழுதாகி நின்றன. பழி அவர் மேல் விழுந்தது. தலைவலியும் மனத்தளர்ச்சியும் வாட்டின. ஓய்வு இல்லத்தில் மாதக் கணக்கில் தங்கினார். நிலத்திலும் பங்குகளிலும் போட்ட பணம் கரைந்தது.

எந்திரம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1912-ல் செலாண்டியா என்ற டென்மார்க் கப்பல் டீசல் எந்திரத்துடன் பெருங்கடலைக் கடந்தது. எந்திரம் உலகை வென்றது. அதைப் படைத்தவரோ கடனில் மூழ்கினார்.

1913 செப்டம்பர் 29-ந் தேதி மாலை, பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்தில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்குப் பயணம். கூட இரண்டு நண்பர்கள். மூவரும் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள். பேசிக்கொண்டே மேல் தளத்தில் உலாவினார்கள். காலையில் 6.15 மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு டீசல் அறைக்குப் போனார்.

காலையில் அறைக் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. படுக்கை கலையவே இல்லை! தொப்பியும் மேல் கோட்டும் கப்பலின் ஓரத்தில் கிடந்தன. ஆளைக் காணோம்.

சில நாட்களுக்குப் பிறகு டச்சுப் படகு ஒன்று கடலில் ஒரு சடலத்தைக் கண்டது. சட்டைப் பையில் இருந்த பொருட்களை எடுத்துக்கொண்டு, சடலத்தைக் கடலுக்கே விட்டுவிட்டார்கள். அந்தப் பொருட்களைப் பார்த்த மகன், அவை அப்பாவுடையவையே என்று அடையாளம் காட்டினார்.

தற்கொலையா? விபத்தா? கொலையா? வதந்திகள் பல கிளம்பின. எதுவும் நிரூபணம் ஆகவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். அப்போது அவரிடம் இருந்ததைக் காட்டிலும் கடன் அதிகம். அவருக்கு வயது 55.

புகை எழுப்பிய வழக்கு

டீசல் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அவருடைய எந்திரம் லாரியில் ஏறியது. 1936-ல் மெர்சிடஸ் பென்ஸ் கம்பெனி டீசல் காரை வரிசையாகத் தயாரித்தது. பிறகு பஸ், டிராக்டர், கிணற்றுப் பம்பு என்று டீசல் போகாத இடம் இல்லை.

ஆனால் அந்த எந்திரத்தில் ஒரு குறை கூடவே பிறந்திருந்தது. எந்தக் கடும் சூடு எண்ணெயை மிச்சப்படுத்துகிறதோ, அதே சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நச்சு வாயு ஆகின்றன. சரியாக எரியாத எண்ணெய் நுண்ணிய கரியாகிறது. அது நுரையீரலின் ஆழம் வரை போகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்தது.

ஆகவே பல நகரங்கள் குறைந்த புகை மண்டலங்களை ஏற்படுத்தின. சிறுவன் ருடால்ப் தஞ்சம் புகுந்த லண்டனில் 2008-ல் பெரிய வண்டிகளுக்கும், 2019-ல் கார்களுக்கும் விதி வந்தது. அவர் பிறந்த பாரிசில் 2016 ஜூலை முதல், 1997-க்கு முந்திய கார்கள் வேலை நாட்களில் பகல் வேளையில் ஓடத் தடை விதிக்கப்பட்டது. அவர் படித்து, மாளிகை கட்டி வாழ்ந்த மியூனிக்கில் 2023 பிப்ரவரியில் பழைய டீசல் கார்களுக்கே தடை வந்தது.

இந்த விதிகளில் ஒரு வேடிக்கை உண்டு. பாய்ந்து பறக்கும் பழைய பந்தயக் கார் புகை விதியில் தேறுமா? கார் எவ்வளவு வேகம் போகும் என்று விதி கேட்பதில்லை. வயதை மட்டும் பார்த்தும் முடிவு செய்வதில்லை. லண்டனில் பெட்ரோல் கார் ‘யூரோ 4’ தரத்தில் இருந்தால் போதும். அது 2006 வாக்கில் வந்த தரம். டீசல் காருக்கோ ‘யூரோ 6’ வேண்டும். அது 2015 வாக்கில் வந்தது. ஆகவே 2006-ல் செய்த வேகமான பெட்ரோல் கார் தாராளமாக உள்ளே போகும். 2012-ல் செய்த சாதுவான டீசல் கார் கட்டணம் கட்டவேண்டும்! 40 வயது கடந்த பழங்காலக் கார்களுக்கு விதிவிலக்கும் உண்டு. வாங்குகிறவர் பார்க்க வேண்டியது காரின் பளபளப்பை அல்ல. பதிவுப் புத்தகத்தில் உள்ள புகைத் தரத்தை.

நம் நாட்டிலும் இந்த வழக்கு நடந்தது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. வயதைப் பார்ப்பதா, புகைத் தரத்தைப் பார்ப்பதா என்ற கேள்வி 2025-ல் மறுபடியும் அதே கோர்ட்டுக்கு வந்தது. நாடு முழுவதும் 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, ‘பாரத் 6’ தரமுள்ள புது வண்டிகளை மட்டுமே விற்கலாம் என்று ஆயிற்று. கரியை வடிகட்டும் சாதனம் டீசல் காரிலேயே பொருத்தப்பட்டு வருகிறது.

ஓடைப்பட்டிப் பாதையில் நகரத்துத் தடை எதுவும் இல்லை. ஆனால் புகைச் சோதனைச் சான்று அங்கும் கட்டாயம். டீசல் வண்டியானால் புகை எவ்வளவு அடர்த்தி என்று கருவி அளந்து சொல்லும்.

மலை ஏறும்போது ஒரு பழைய லாரி கரும்புகை கக்குகிறது என்றால் என்ன அர்த்தம்? காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். எண்ணெய் பீச்சும் முனை தேய்ந்திருக்கலாம். பாரம் அளவுக்கு மீறியிருக்கலாம். அந்தக் கரும்புகை, முழுதும் எரியாமல் போன எண்ணெய், சொந்தக்காரரின் காசு! பாதையோரத்துக் குழந்தைகள் சுவாசிக்கும் நஞ்சும் அதுவே.

எரிபொருள் வீணாகக் கூடாது என்பதற்காகவே ருடால்ப் டீசல் இரவு பகலாக உழைத்தார். அவர் பெயரைத் தாங்கிய வண்டி கரும்புகை விடாமல் ஓடுமானால், கல்லறை இல்லாத அந்த மேதைக்கு அதுவே நினைவுச் சின்னம்.