சென்னையில் பிறந்த பனிமலை மனிதர்
ஊனமான காலுடன் மலை ஏறி, உலகப் பந்தயத்துக்கு விதி வகுத்த ஆர்னால்டு லன்

சென்னையில் பனி பெய்தால் புல்நுனி நனையும். மார்கழியில் பெரியவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த பனி. ஆள் உயரத்துக்குப் பனி கொட்டி, மலையையும் மரத்தையும் மூடிக்கிடக்கும் காட்சியை இங்கே யாரும் கண்டதில்லை.

அந்தச் சென்னையில் பிறந்த ஒருவர்தான், பனிமலை உச்சியில் இருந்து கீழே சறுக்கி இறங்கும் பந்தயத்துக்கு விதி வகுத்தார். அதை ஒலிம்பிக் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அவர் பெயர் ஆர்னால்டு லன்.

அவருடைய வலது கால், இடது காலைவிடக் குட்டை!

டாக்டர் பாதிரியார்

ஆர்னால்டின் தகப்பனார் ஹென்றி லன். இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியைச் சேர்ந்தவர். டாக்டருக்குப் படித்தவர். பாதிரியாராகவும் ஆனவர். 1887-ம் ஆண்டு, மருத்துவ ஊழியம் செய்வதற்காக மனைவியுடன் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்.

அவர் சேர்ந்திருந்த வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையார், சென்னையிலும், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஊழியம் செய்துவந்தார்கள். திருவள்ளூரை அடுத்த ஈக்காட்டில் அந்தச் சபையார் ஏற்படுத்திய ஆஸ்பத்திரி பின்னாளில் பெயர் பெற்றது.

1888-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 18-ந்தேதி, சித்திரை வெயிலில், லன் தம்பதிகளுக்குச் சென்னையில் மூத்த மகன் பிறந்தான். அவன்தான் ஆர்னால்டு.

ஹென்றிக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. உடல்நலம் கெட்டது. ஓர் ஆண்டு முடிந்ததும் குடும்பத்துடன் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார். போனவர் சும்மா இருக்கவில்லை. இந்தியாவில் இருக்கும் பாதிரிமார்கள் ஏழைகளோடு ஏழைகளாக வாழாமல், வசதியாக வாழ்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார். பெரிய சண்டை மூண்டது. கடைசியில் அவர் சபையை விட்டே விலக நேர்ந்தது.

வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வழி வேண்டுமே! ஜனங்களைச் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் தொழிலில் இறங்கினார். தொழில் செழித்தது. கோடையில் மட்டும் ஆள் போய்க்கொண்டிருந்த மலை ஊர்களுக்குக் குளிர்காலத்திலும் கூட்டம் சேர்த்துக் காட்டினார்.

சபையில் அந்தச் சண்டை வராமல் இருந்தால், மகன் பனிமலைப் பக்கமே போயிருக்க மாட்டான்.

காலில் கட்டும் கட்டை

1898-ம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டில் உள்ள ஷாமனி என்ற மலை ஊருக்குத் தகப்பனார் பயணிகளை அழைத்துச் சென்றார். கூடவே போன பத்து வயதுப் பையன் ஆர்னால்டு, அங்கேதான் முதன்முதலாகச் சறுக்குக் கட்டையைக் காலில் கட்டினான்.

சறுக்குக் கட்டை என்பது நீண்டு ஒடுங்கிய பலகை. ஆளைவிட உயரமாக இருக்கும். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருக்கும். பூட்ஸ் காலுடன் காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொள்வார்கள். வெறுங்காலோடு நடந்தால் இடுப்பளவு புதையும் பனியில், கட்டை கட்டியவர் மிதப்பதுபோலப் போகலாம். சரிவில் வழுக்கிக்கொண்டு பறக்கலாம்.

இறங்குவது சரி, ஏறுவது எப்படி? அதற்கும் ஒரு வழி உண்டு. சீல் என்ற கடல் விலங்கின் தோலைக் கட்டையின் அடியில் கட்டுவார்கள். அந்தத் தோலின் ரோமம் பின்பக்கமாகப் படிந்திருக்கும். கட்டையை முன்னே தள்ளினால் நழுவும்; பின்னே வழுக்கப் பார்த்தால் ரோமம் பனியைப் பிடித்துக்கொள்ளும். இப்படி மணிக்கணக்கில் அடிமேல் அடி வைத்து உச்சிக்குப் போய், தோலைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரே பாய்ச்சலாக இறங்கிவிடுவார்கள்.

ஆர்னால்டுக்கு இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஹாரோ பள்ளியில் படித்து, ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைக்குப் போன பிறகும் விடவில்லை. 1908-ல், சறுக்குக் கட்டையுடன் மலை ஏறுகிறவர்களுக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1909 ஜனவரியில் ரோஜே என்ற பேராசிரியருடன் சேர்ந்து, சுவிட்சர்லாந்தின் பெர்ன் மலைத்தொடரைப் பனியாறுகளின் வழியே கட்டை கட்டிக்கொண்டே கடந்தார்.

அப்போது அவருக்கு வயது இருபது. அதே ஆண்டிலேயே விதி குறுக்கிட்டது.

நூறு அடிப் பள்ளம்

1909 ஆகஸ்டு மாதம். வேல்ஸ் நாட்டில் காடர் இட்ரிஸ் என்ற மலை. செங்குத்தான பாறை ஒன்றில் ஆர்னால்டு ஏறியிருந்தார். கை பிடித்திருந்த பாறை பெயர்ந்துகொண்டது. சுமார் நூறு அடி கீழே போய் விழுந்தார்.

உயிர் தப்பியது. வலது கால் நொறுங்கிவிட்டது. எலும்பு சதையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. எலும்பு ஒரு வழியாகக் கூடியபோது, அந்தக் கால் இரண்டு அங்குலத்துக்குக் குறையாமல் குட்டையாகிவிட்டது. புண்ணோ ஆறவில்லை. மாதக்கணக்கில் அல்ல, ஆண்டுக்கணக்கில் சீழ் வடிந்தது.

இருபத்தொரு வயது வாலிபனுக்கு இதைவிடக் கொடுமை என்ன இருக்க முடியும்! மலை ஏறுவதற்கென்றே பிறந்தவன் தெருவில் நடப்பதே பெரிய காரியம் ஆகிவிட்டது.

ஆர்னால்டு மறுபடியும் கட்டையைக் கட்டினார். நெட்டைக் கால் ஒன்று, குட்டைக் கால் ஒன்று என்று வைத்துக்கொண்டு சரிவில் திரும்புவது எப்படி என்பதைப் புதிதாகக் கற்றுக்கொண்டார். 1917-ம் ஆண்டு, ஜோசப் நூபெல் என்ற வழிகாட்டியுடன் டோம் என்ற சிகரத்தின்மேல் கட்டையுடன் ஏறினார். அதன் உயரம் 14,900 அடிக்கு மேல்! அதற்கு முன் யாரும் அந்த மலையில் கட்டையுடன் ஏறியதில்லை. 1924 மே மாதம், மூன்று சுவிஸ் நண்பர்களுடன் ஐகர் சிகரத்திலும் அப்படியே ஏறினார். ஐகர் என்ற பெயரைக் கேட்டாலே மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு நடுக்கம் உண்டு.

முதல் உலக யுத்தத்தில் சேர அவரைப் பட்டாளத்தில் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் காலை வைத்துக்கொண்டு அணிவகுப்பில் நிற்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அதே காலுடன்தான் டோம் சிகரத்தில் ஏறினார்!

காந்தகார் கோப்பை

அந்த நாளில் பனிச்சறுக்கு என்றால் நார்வேக்காரர்களே ராஜாக்கள். சமவெளியில் நெடுந்தூரம் ஓடுவதும், மேட்டில் இருந்து துள்ளிக் குதிப்பதும்தான் அவர்களுடைய பந்தயங்கள். மலைச்சரிவில் இறங்குவதற்கு ஒரு பந்தயமா என்று சிரித்தார்கள்.

ஆல்ப்ஸ் மலையில் சமவெளிக்கு எங்கே போவது? எங்கு திரும்பினாலும் சரிவுதான். மலைக்குத் தக்க பந்தயம் வேண்டும் என்று ஆர்னால்டு நினைத்தார்.

1911 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் மான்டானா ஊரில் முதல் பந்தயம் நடந்தது. பந்தயத்தில் கலந்துகொண்டவர்கள் முதல் நாளே தங்கள் காலால் மலை ஏறினார்கள். இரவு மலைக் குடிசையில் படுத்தார்கள். காலையில் பனியாற்றின் தலையில் வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் புறப்பட்டார்கள். பாதை கிடையாது. பனியைச் சமன்படுத்தி வைக்கவும் யாரும் இல்லை. பள்ளம், புதர், பாறை எல்லாவற்றையும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஹாப்கின்சன் என்பவர் 61 நிமிடத்தில் இறங்கி வெற்றி பெற்றார்.

அதற்குக் கொடுத்த கோப்பைக்குக் காந்தகார் ராபர்ட்ஸ் கோப்பை என்று பெயர். ஆப்கானிஸ்தானத்தில் 1880-ல் காந்தகார்ப் போரில் வென்ற தளபதி ராபர்ட்ஸ் பிரபுவின் பெயர் அது. அந்தப் பிரபு 1885 வரை சென்னைப் பட்டாளத்துக்குப் பிரதம தளபதியாக இருந்தவர். பாலைவனத்து ஊரின் பெயர் பனிமலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டது. பிறகு 1924-ல் ஆர்னால்டு ஆரம்பித்த சங்கத்துக்கும் காந்தகார் சங்கம் என்றே பெயர்.

1922 ஜனவரியில் மூரன் என்ற ஊரில் அவர் வேறொரு புதுமை செய்தார். மூரன், நம் ஏற்காட்டைவிடச் சற்று உயரத்தில் உள்ள சிறிய மலைக் கிராமம். அங்கே சரிவில் இரண்டிரண்டு கொடிகளாக நட்டார். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே புகுந்து, வளைந்து வளைந்து இறங்க வேண்டும். காட்டு மரங்களுக்கு இடையே நுழைந்து போகிறவனுடைய சாமர்த்தியத்தைச் சோதிப்பதற்காக அந்தக் கொடிகள். அதுவரை அழகாகத் திரும்பினால்தான் மார்க். ஆர்னால்டு அழகைத் தள்ளிவிட்டார். யார் சீக்கிரம் வந்தார் என்பதைக் கடிகாரம் சொன்னால் போதும் என்றார். ஸ்லாலம் என்று இன்று உலகம் முழுவதும் நடக்கும் பந்தயம் அன்று பிறந்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

1928 ஜனவரி 29-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை. மூரன் ஊருக்கு மேலே ஷில்ட்ஹார்ன் என்ற சிகரம். உயரம் 9,700 அடிக்கு மேல். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவைவிட ஆயிரம் அடி அதிகம்.

காந்தகார் சங்கத்தைச் சேர்ந்த பதினேழு பேர் அந்தச் சிகரத்தை நோக்கி ஏறினார்கள். பெண்களும் அவர்களில் இருந்தார்கள். கம்பி வண்டி கிடையாது. ஏறுவதிலேயே பாதி பலம் போய்விட்டது. உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர்கள், பந்தயம் தொடங்கியதும் பள்ளத்தாக்கில் உள்ள லாட்டர்புருனன் ஊரை நோக்கிப் பாய்ந்தார்கள்.

இறக்கம் ஏறக்குறைய ஏழாயிரம் அடி! பரங்கிமலையை இருபது தடவைக்கு மேல் அடுக்கிவைத்தாலும் எட்டாத உயரம். தூரமோ, திருவள்ளூரில் இருந்து பூண்டி ஏரிக்குப் போகும் தூரத்தைவிட அதிகம்.

உச்சியில் பனிக்கட்டி, நடுவில் மாவுபோன்ற பனி, கீழே மரங்களுக்கு இடையே உருகிய சேறு என்று மலை மாறிக்கொண்டே வரும். தொடை நடுங்கும். விழுந்தால் எழுந்து, கட்டை உடையாமல் இருந்தால் மறுபடி ஓட வேண்டும். ஹரால்டு மிட்செல் என்பவர் 1 மணி 12 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். அந்தப் பந்தயத்துக்கு இன்பர்னோ என்று பெயர் வைத்தார்கள். நரகம் என்று அர்த்தம்!

அந்த நரகத்துக்கு இன்றைக்கும் போட்டி போட்டுக்கொண்டு ஆட்கள் போகிறார்கள். ஒவ்வோர் ஜனவரியிலும் பந்தயம் நடக்கிறது. 1,800-க்கு மேற்பட்டவர்கள் ஓடுகிறார்கள். இப்போது உச்சிவரை கம்பி வண்டி போகிறது. ஏறும் கஷ்டம் இல்லை. அந்தக் கஷ்டத்தை விரும்புகிறவர்களுக்கு, ஏறி இறங்கும் பந்தயம் தனி விளையாட்டாக வளர்ந்துவிட்டது. 2026-ம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக்கில் அதற்கும் முதன்முறையாக இடம் கொடுத்தார்கள்.

சண்டைக்காரர்

ஆர்னால்டு லன் சாது மனிதர் அல்ல. வாதம் செய்வதில் தகப்பனாரையே மிஞ்சியவர். படித்த பள்ளியைப் பற்றி உள்ளதை உள்ளபடி நாவலாக எழுதி, பழைய மாணவர்களின் கோபத்தைச் சம்பாதித்தார். ரொனால்டு நாக்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரைக் கடிதம் மூலம் வாதுக்கு இழுத்தார். கடைசியில், 1933-ல் அதே பாதிரியாரிடம் போய்க் கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தார்! தோற்றதை ஒப்புக்கொள்ளவும் ஒரு தைரியம் வேண்டும்.

நார்வேக்காரர்களுடன் அவர் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். 1930-ல் அவர்களுடைய தலைநகரமான ஆஸ்லோவில் கூடிய சர்வதேச மாநாடே இறங்கு பந்தயத்தையும் ஸ்லாலத்தையும் ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டே மூரன் கிராமத்தில் முதல் உலகப் போட்டியை நடத்திக் காட்டினார். 1936-ல் ஒலிம்பிக்கிலும் சேர்த்துவிட்டார்கள்.

அந்த ஒலிம்பிக் நடந்தது ஹிட்லரின் ஜெர்மனியில். பிரிட்டிஷ் சறுக்கு அணிக்குத் தலைவர், ஆர்னால்டின் மகன் பீட்டர். தொடக்க நாள் அணிவகுப்பில் நடந்துபோகப் பீட்டர் மறுத்துவிட்டார். தகப்பனார் ஸ்லாலம் பந்தயத்தின் நடுவர். வாழ்நாள் கனவு பலித்த இடத்தில் நாஜிக் கொடிகள் பறந்ததைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றிருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து இன்னொரு சோதனை வந்தது. ஆஸ்திரிய நாட்டுச் சறுக்கு ஆசான் ஹான்ஸ் ஷ்னைடர் அவருடைய நெருங்கிய நண்பர். 1928-ல் இருவரும் சேர்ந்து ஆர்ல்பர்க்-காந்தகார் என்ற பந்தயத்தைத் தொடங்கியிருந்தார்கள். 1938 மார்ச் மாதம் நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தார்கள். ஷ்னைடரைச் சிறையில் அடைத்தார்கள். பந்தயத்துக்கு எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. நண்பர் சிறையில் இருக்கும்போது அவருடைய ஊரில் பந்தயம் கிடையாது என்று ஆர்னால்டு அதை ரத்து செய்தார். ஷ்னைடர் பின்னர் விடுதலையாகி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூரன் நிலையத்துக் கல்

ஆர்னால்டு அறுபது புத்தகங்களுக்கு மேல் எழுதினார். பனிச்சறுக்கு ஆண்டு மலர் ஒன்றை ஐம்பது ஆண்டு நடத்தினார். 1952-ல் சர் பட்டம் கிடைத்தது. தகப்பனாருக்கு 1910-ல் கிடைத்த அதே பட்டம்.

வயதான காலத்தில் அவருக்கு ஒரு வருத்தம் இருந்தது. கம்பி வண்டிகள் வந்தன. சரிவுகளை அழுத்தி ரோடுபோல ஆக்கினார்கள். பந்தயக்காரர்கள் மலையை ஏறிப் பார்க்காமலே இறங்கத் தொடங்கினார்கள். அவர் உண்டாக்கிய பந்தயம் அவர் நேசித்த மலையை மறந்துவிட்டது. இதை அவர் மறைக்காமல் எழுதினார்.

1974-ம் ஆண்டு ஜூன் 2-ந்தேதி லண்டனில் காலமானார். வயது 86.

மூரன் ரெயில் நிலையத்தின் பக்கத்தில் அவருக்கு ஒரு நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். முதல் ஸ்லாலம் பந்தயத்தையும், முதல் உலகப் போட்டியையும் அவர் அந்த ஊரில் நடத்திய செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. குளிர்காலத்தில், கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு ரெயிலை விட்டு இறங்குகிறவர்கள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் ஊருக்குள் போகிறார்கள்.